ஜோடி சேர்ந்து ஆடும் செஸ்

செஸ் போட்டி நடக்கும் கூடத்தில் ஆடுகிறவர் யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது. பக்கத்தில் நின்று பார்ப்பவர் வாய் திறக்கவும் கூடாது. திறந்தால் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். கிரிக்கெட்டில் பதினொரு பேர் கூடிப் பேசலாம், கேரம்கூட ஜோடியாக ஆடலாம். செஸ் மட்டும் தனி ஆளாக உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டிய ஆட்டம்.

இந்த ஒரு விதியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். கூட்டாக ஆடும் செஸ் வகைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். எவ்வளவு தளர்த்துவது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். ஒரு வகையில் கூட்டாளியைப் பார்த்துக் கத்தலாம். ஒரு வகையில் ஒரே ஒரு சொல்தான் சொல்லலாம். இன்னொன்றில் நாள் முழுக்க விவாதிக்கலாம். கடைசியாக ஒரு வகை உண்டு, அதில் எதிரே இருப்பவரே உங்கள் ஆள். கூட்டு ஆட்டம் என்றால் சுலபம் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. காய்களோடு சேர்த்து ஒரு மனிதரையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

காய்கள் எப்படி நகரும் என்பது தெரிந்தால் போதும், இந்தக் கட்டுரையைத் தொடரலாம். கட்டங்களைக் குறிக்க வெள்ளை ஆட்டக்காரரின் இடது கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி என்று எச் வரைக்கும் எட்டு வரிசைகள். அவர் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை. அப்புறம், நம் வழக்கப்படி ஓரத்தில் நிற்கும் ரூக்கை யானை என்றே எழுதுகிறேன்.

நாலு பேர், ரெண்டு பலகை

கூட்டு வகைகளில் அதிகம் ஆடப்படுவது பக்ஹவுஸ். போட்டிகளில் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் வரை பிள்ளைகள் ஒரு மூலையில் கூடிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அது இதுதான். ஜெர்மனியில் இதை டாண்டம் என்கிறார்கள்.

இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பலகைக்கு ஒரு கடிகாரம். ஓர் அணியின் இருவரும் ஒரே பக்கம் உட்காருவார்கள். ஒருவருக்கு வெள்ளை, இன்னொருவருக்குக் கறுப்பு. பெயர் வைத்துச் சொன்னால் குழப்பம் வராது. முதல் பலகையில் கவிதா வெள்ளை, எதிரே சலீம் கறுப்பு. இரண்டாவது பலகையில் கவிதாவின் கூட்டாளி முருகன் கறுப்பு, எதிரே சலீமின் கூட்டாளி ஜெனி வெள்ளை.

இப்போது விஷயம். முருகன் வெட்டுகிற காய்கள் எல்லாம் ஜெனியின் வெள்ளைக் காய்கள். அவற்றை அவர் அப்படியே கவிதாவின் கையில் கொடுத்துவிடுவார். கவிதா தன் முறை வரும்போது வழக்கம்போல ஒரு காயை நகர்த்தலாம். அல்லது கையில் இருக்கும் காய் ஒன்றை எடுத்துப் பலகையில் காலியாக உள்ள எந்தக் கட்டத்திலும் வைக்கலாம். வைப்பதும் ஒரு நகர்த்தலாகவே கணக்கு. சிப்பாயை மட்டும் முதல் வரிசையிலும் எட்டாவது வரிசையிலும் வைக்க முடியாது. எட்டாவது வரிசைக்குப் போய் ராணியான சிப்பாயை வெட்டினால், அது கூட்டாளியின் கைக்கு வரும்போது மறுபடி சிப்பாய்தான். இரண்டு பலகைகளில் எது முதலில் முடிந்தாலும் மொத்த ஆட்டமும் முடிந்தது. ஆளுக்கு 3 நிமிடமோ 5 நிமிடமோ வைத்துக்கொண்டு வேகமாக ஆடுவார்கள். கூட்டாளிகள் இஷ்டத்துக்குப் பேசிக்கொள்ளலாம்.

வெட்டிய காய் மறுபடி பலகைக்கு வருவது ஜப்பானியர்களின் ஷோகியில் பழக்கமான விதி. செஸ்ஸுக்குள் அது வந்ததும் ஆட்டத்தின் முகமே மாறிவிடுகிறது. காய்கள் குறைவதே இல்லை, ஒரு பலகையில் செத்தது பக்கத்துப் பலகையில் உயிரோடு எழுந்து நிற்கும். அதனால் கடைசிக்கட்ட ஆட்டம் என்பதே இங்கே கிடையாது.

ஒரு காட்சியைப் பார்ப்போம். சலீமின் ராஜா காஸ்லிங் செய்து ஜி8ல் இருக்கிறது, பக்கத்தில் எஃப்8ல் யானை. முன்னால் எஃப்7, ஜி6, எச்7ல் சிப்பாய்கள். ஜி7ல் இருந்த பிஷப் ஏற்கெனவே போய்விட்டது. கவிதா கையிலிருந்த ஒரு சிப்பாயை எச்6ல் வைக்கிறார். சாதாரண செஸ்ஸில் இப்படி ஒரு சிப்பாய் அங்கே போய்ச் சேரப் பல நகர்த்தல்கள் வேண்டும். இங்கே ஒரு நொடி. வைத்துவிட்டு, முருகனைப் பார்த்து "ராணி!" என்கிறார்.

சலீம் இதன் பொருளைக் கவனிக்காமல் வேறு எதையோ நகர்த்திவிடுகிறார். இரண்டாவது பலகையில் முருகனின் யானை ஜெனியின் ராணியை வெட்டுகிறது. யானை அடுத்த நகர்த்தலில் செத்துவிடும். முருகன் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஜெனி அந்த யானையை வெட்டக் கை நீட்டுவதற்குள் ராணி கவிதாவின் கைக்கு மாறி ஜி7ல் உட்கார்ந்துவிட்டது. எச்6 சிப்பாய் காவல் இருப்பதால் ராஜா அதை வெட்ட முடியாது. எச்8க்கும் போக முடியாது, எஃப்8ல் சொந்த யானை. மேட். இரண்டு பலகையும் முடிந்தது. சலீம் கையில் ஒரு பிஷப் இருந்து, அதை உடனே ஜி7ல் வைத்து அடைத்திருந்தால் கொஞ்ச நேரம் தாங்கியிருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது ராணி ராஜாவை ஒட்டி வந்து நின்றது. தூரத்திலிருந்து கொடுக்கும் செக்குக்கு பக்ஹவுஸில் அவ்வளவு மரியாதை இல்லை, நடுவில் ஒரு காயை வைத்து அடைத்துவிடலாம். கடைசி வரிசையில் யானையைக் கொண்டுவந்து கொடுக்கும் மேட், நாம் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் மேட், இங்கே பெரும்பாலும் மேட்டே இல்லை. ஒட்டி நின்று தரும் செக்கும், எதையும் தாண்டிவரும் குதிரையின் செக்கும்தான் ஆபத்தானவை. அதனால் காய்களின் மதிப்பும் மாறுகிறது. சாதாரண செஸ்ஸில் சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5, ராணி 9 என்று சொல்லிக்கொடுப்பார்கள். பக்ஹவுஸ் ஆடுபவர்கள் பொதுவாகப் போடும் கணக்கு சிப்பாய் 1, குதிரை, பிஷப், யானை மூன்றும் 2, ராணி 4. யானை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது பாருங்கள்.

புதிதாக ஆட வருபவர்களுக்கு எளிதில் பிடிபடாதது கடிகாரம். கவிதாவின் முறை. எதை நகர்த்தினாலும் அடுத்து மேட். ஒரு குதிரை கைக்கு வந்தால் தப்பிக்கலாம். அவர் என்ன செய்வார்? சும்மா உட்காருவார். நகர்த்தாமல் காத்திருப்பது இந்த ஆட்டத்தில் முறையான உத்தி, ஆடுபவர்கள் அதை உட்காருவது என்றே சொல்வார்கள். இரண்டாவது பலகையில் ஜெனியின் முறை. எதை நகர்த்தினாலும் தன் குதிரை முருகனிடம் போய்விடும் என்று அவருக்குத் தெரிகிறது. அவரும் உட்காருகிறார். இப்போது ஓடுவது கவிதாவின் கடிகாரமும் ஜெனியின் கடிகாரமும். இவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தவர்களே இல்லை, மூலைக்கு மூலை இருப்பவர்கள். ஆனாலும் யாருக்கு நேரம் குறைவோ அவர் அணி தோற்கும். ஆகவே பக்ஹவுஸில் கண் போக வேண்டியது எதிரே இருப்பவரின் கடிகாரத்துக்கு அல்ல, குறுக்கே இருப்பவரின் கடிகாரத்துக்கு. சலீமிடம் நாலு நிமிடம் மிச்சம் இருப்பதைப் பார்த்துக் கவிதா பயப்பட ஒன்றுமில்லை.

நல்ல செஸ் ஆட்டக்காரர்கள் இதில் முதலில் சொதப்புவது இதனால்தான். தன் பலகையில் அழகாக ஆடி, மெதுவாக ஒரு சிப்பாயை ஜெயித்து, அதற்குள் கூட்டாளி "குதிரை கேட்டேனே" என்று நாலு தடவை கத்தி ஓய்ந்திருப்பார். நாலு பேர் கிடைக்காதவர்களுக்கு இதிலேயே இரண்டு பேர் ஆடும் கிரேஸிஹவுஸ் உண்டு. அதில் வெட்டிய காய் நிறம் மாறி நம் கைக்கே வரும். 2016 முதல் லிச்செஸ் தளத்தில் ஆடலாம். ஆனால் கூட்டாளி இல்லாததால் நம் தலைப்புக்கு அது வெளியே.

ஒரே ஒரு சொல்

அடுத்தது கையும் மூளையும். இங்கே ஒரே பலகை, ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். ஒருவர் மூளை, இன்னொருவர் கை. மூளையாக இருப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு காயின் பெயரை மட்டும் சொல்வார்: "குதிரை", "சிப்பாய்", "ராணி". கையாக இருப்பவர் அந்த வகைக் காய் ஒன்றைத் தன் விருப்பப்படி நகர்த்துவார். எந்தக் குதிரை, எந்தக் கட்டம் என்று மூளை சொல்லக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. பெருமூச்சு விடுவதுகூட ஏமாற்று என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

இரண்டு நகர்த்தல் தள்ளிப் பார்க்கலாம். வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்புச் சிப்பாய் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. எல்லா ஆரம்பப் புத்தகத்திலும் இருக்கும் நிலை. இப்போது வெள்ளையின் மூளை "பிஷப்" என்றால் நகரக்கூடியது எஃப்1ல் இருக்கும் பிஷப் மட்டும். அதற்குப் போக ஐந்து கட்டங்கள்: இ2, டி3, சி4, பி5, ஏ6. பி5க்குப் போனால் ஸ்பானிஷ் ஆட்டம், சி4க்குப் போனால் இத்தாலியன். ஏ6ல் வைத்தால் சும்மா ஒரு பிஷப் தானம். "ராணி" என்றால் ஒரே கட்டம்தான், இ2. கைக்குத் தேர்வே இல்லை. கூட்டாளி பலவீனமானவர் என்றால், அனுபவமுள்ள மூளை முடிந்தவரை இந்த மாதிரி ஒரே வழி உள்ள காயைச் சொல்லி ஆட்டத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஆனால் அந்த ஒரே வழி நல்ல வழியாக இருக்க வேண்டுமே.

சிப்பாய்தான் பெரிய தலைவலி. நடு ஆட்டத்தில் "சிப்பாய்" என்று சொன்னால் ஏழெட்டு வழிகள் இருக்கும். மூளை மனதில் வைத்தது எதிராளியின் காயை வெட்டும் சிப்பாய், கை நகர்த்துவது ஓரத்துச் சிப்பாய். "ராஜா" என்று கேட்டதும் கையாக இருப்பவர் பதறுவார், காஸ்லிங்கும் ராஜா நகர்த்தல்தான் என்பது சட்டென்று ஞாபகம் வராது.

யார் மூளை, யார் கை? வலுவானவர் மூளையாக இருப்பதுதான் இயல்பு என்று தோன்றும். எனக்கு மறுபக்கம்தான் பிடிக்கும். வலுவானவர் கையாக இருந்தால், கூட்டாளி சொன்ன மோசமான காயை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஏதாவது உருப்படியாகச் செய்தாக வேண்டும். பார்க்கவும் அதுதான் வேடிக்கை. யூட்யூப், ட்விட்ச் நேரலைகளில் கிராண்ட்மாஸ்டர்கள் புதியவர்களோடு ஜோடி சேர்ந்து இதை ஆடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வீட்டில் செஸ் தெரிந்த பிள்ளையும் காய் நகர்த்த மட்டும் தெரிந்த அப்பாவும் ஒரே அணியில் உட்கார இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு படி மேலே பேச்சே இல்லாத வகை ஒன்றும் உண்டு: கூட்டாளிகள் மாறி மாறி ஒரு நகர்த்தல் ஆட வேண்டும், ஒன்றும் பேசக் கூடாது. நீங்கள் திட்டமிட்டுத் தொடங்கிய தாக்குதலை அவர் தற்காப்பாக மாற்றி வைப்பார். நட்புக்கு நல்லதல்ல.

பேசி முடிவெடுப்பது

முழுதாகப் பேச அனுமதித்தால் அது கலந்தாலோசனை ஆட்டம். வரலாற்றில் மிகப் பழைய கூட்டு வகைகளில் ஒன்று. செஸ் கற்பவர்கள் அனைவரும் பார்க்கும் ஓர் ஆட்டம் இந்த வகைதான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. 1858ல் பாரிஸில் ஒபரா அரங்கின் தனி இருக்கையில் உட்கார்ந்து பால் மார்ஃபி ஆடியது பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் சேர்ந்த ஜோடியோடு. இரண்டு பேரும் கலந்து பேசித்தான் ஆடினார்கள். 17 நகர்த்தலில் முடிந்தது. பி8ல் தன் ராணியை வேண்டுமென்றே பலி கொடுத்து, கறுப்புக் குதிரை அதை வெட்டியதும் டி8ல் யானையை வைத்து மார்ஃபி மேட் செய்தார். இரண்டு சுமாரான தலைகளைக் கூட்டினால் ஒரு நல்ல தலை வந்துவிடாது என்பதற்கு இந்த ஆட்டத்தைக் காட்டலாம்.

ஆனால் நேரம் இருந்தால் கதை வேறு. 1824 முதல் 1828 வரை எடின்பரோ செஸ் கிளப்பும் லண்டன் செஸ் கிளப்பும் கடிதம் மூலம் மோதின. ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் கிளப்பில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். எடின்பரோ ஜெயித்தது. இ4 இ5, குதிரைகள் எஃப்3 சி6, அப்புறம் வெள்ளை டி4 என்று போகும் ஆரம்பத்துக்கு ஸ்காட்ச் என்று பெயர் வந்தது அந்தப் போட்டியால்தான்.

இந்த வகையின் உச்சம் 1999ல் நடந்தது. ரஷ்யாவின் செஸ் ஜாம்பவான் காரி காஸ்பரோவ் ஒரு பக்கம், உலகம் மறு பக்கம். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளத்தில் ஜூன் 21 அன்று தொடங்கி அக்டோபர் 22 வரை, நாலு மாதம் ஒரே ஆட்டம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 24 மணி நேரம். யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம், அதிக ஓட்டு வாங்கிய நகர்த்தல் பலகைக்குப் போகும். 75க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். யோசனை சொல்ல எட்டியென் பாக்ரோ, ஃப்ளோரின் ஃபெலெகன், இரினா கிருஷ், எலிசபெத் பேட்ஸ் என்று நாலு இளம் ஆட்டக்காரர்களை நியமித்திருந்தார்கள்.

ஐம்பதாயிரம் பேர் ஓட்டுப் போட்டால் சராசரியான, சாரமில்லாத செஸ்தான் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பத்தாவது நகர்த்தலில் உலக அணி கறுப்பு ராணியை இ6ல் கொண்டுபோய் வைத்தது. அதுவரை யாரும் ஆடிப் பார்க்காத நகர்த்தல் அது, கிருஷின் யோசனை. அதன் பிறகு ஆட்டம் அப்படிச் சிக்கலாகிவிட்டது. என் வாழ்க்கையில் வேறு எந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று காஸ்பரோவே பின்னால் சொன்னார். கிருஷ் சும்மா யோசனை சொல்லிவிட்டுப் போகவில்லை. இணையத்தில் நடந்த விவாதங்களில் மற்றவர்கள் கண்டுபிடித்ததை எல்லாம் திரட்டி, சரிபார்த்து, மக்கள் புரிந்துகொள்ளும்படி எழுதினார். உலக அணி ஒரே அணியாக நின்றதற்கு அதுதான் காரணம். ஓட்டு எண்ணுவது சுலபம், ஐம்பதாயிரம் பேரின் யோசனைகளைக் கோத்து ஒரே திட்டமாக்குவதுதான் கஷ்டம்.

கடைசிக் கட்டத்தில் கோர்வை அறுந்தது. கள்ள ஓட்டுச் சந்தேகம் கிளம்பியது. 58ஆவது நகர்த்தலின்போது கிருஷின் பரிந்துரை நேரத்துக்குத் தளத்தில் வந்து சேரவில்லை, ஓட்டு வேறு நகர்த்தலுக்குப் போனது. 62 நகர்த்தலில் காஸ்பரோவ் ஜெயித்தார்.

இதே பாணியில் 2024ல் நம்ம சென்னைக்காரர் விஸ்வநாதன் ஆனந்த், செஸ்.காம் தளத்தில் கிட்டத்தட்ட 70,000 பேரை எதிர்த்து ஆடி ஜெயித்தார். அடுத்த வருடம் மேக்னஸ் கார்ல்சன் 1,43,000க்கும் மேற்பட்டவர்களோடு ஆடியதில் உலக அணி டிரா செய்துவிட்டது. இப்போது எல்லோர் கையிலும் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். மனிதரும் கம்ப்யூட்டரும் கூட்டணி சேர்வதும் தனியாக ஒரு வகைதான். 1998ல் ஸ்பெயினின் லியோனில் காஸ்பரோவும் பல்கேரிய கிராண்ட்மாஸ்டர் டோபலோவும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடி 3-3 என்று சமன் செய்தார்கள்.

நாலு பேருக்கான பெரிய பலகையும் உண்டு. 14க்கு 14 கட்டத்தில் நான்கு மூலைகளையும் வெட்டி எடுத்து 160 கட்டங்கள், கூட்டாளி எதிர்ப்புறம் உட்காருவார். ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம், பலகை தேடி அலைய வேண்டியதில்லை. செஸ்.காமில் இருக்கிறது.

எதிராளியே உதவினால்

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் எதிர்ப்பக்கம் ஓர் எதிரி இருந்தார். உதவி மேட் புதிர்களில் அவரும் கிடையாது. வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து, கறுப்பு ராஜாவை மேட் செய்ய வேண்டும், அதுவும் சொன்ன எண்ணிக்கைக்குள். வழக்கமாகக் கறுப்புதான் முதலில் நகரும். ஜெர்மனியின் மாக்ஸ் லாங்கே 1854ல் இப்படி ஒரு புதிரை வெளியிட்டார். கறுப்பு முதலில் நகரும் வடிவத்தை 1860ல் அமெரிக்கப் புதிர் மன்னர் சாம் லாய்ட் கொண்டுவந்தார்.

கறுப்பே உதவுகிறது என்றால் புதிர் எங்கே இருக்கிறது? பலகையை எடுத்து இதை வைத்துப் பாருங்கள். வெள்ளை: ராஜா எஃப்6, குதிரை எஃப்4. கறுப்பு: ராஜா ஜி8, குதிரை எஃப்8. கறுப்பு முதலில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நகர்த்தல், கடைசியில் மேட். மேலே படிப்பதற்கு முன்னால் கொஞ்சம் முயன்று பார்க்கலாம்.

விடை: கறுப்பு ராஜா எச்8க்கு. வெள்ளை ராஜா எஃப்7க்கு. கறுப்புக் குதிரை எச்7க்கு. வெள்ளைக் குதிரை ஜி6ல் செக், அதுவே மேட். ஜி7ஐயும் ஜி8ஐயும் வெள்ளை ராஜா காக்கிறது, எச்7ல் சொந்தக் குதிரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. உதவி என்பது இதுதான், தப்பிக்கும் கடைசிக் கதவைத் தானே சாத்திக்கொள்வது.

வரிசையைக் கவனியுங்கள். கறுப்பு அவசரப்பட்டு முதலிலேயே குதிரையை எச்7க்குக் கொண்டுபோனால் அது வெள்ளை ராஜாவுக்குச் செக் ஆகிவிடும். வெள்ளை ராஜா எஃப்7க்கு வரவும் முடியாது, ஜி8ல் இருக்கும் கறுப்பு ராஜா அந்தக் கட்டத்தைக் காக்கிறது. உதவி செய்ய நினைத்தே காரியத்தைக் கெடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு பக்கமும் மனது வைத்தாலும் எல்லாம் நடந்துவிடாது, அதில்தான் புதிர். 1977 முதல் நடக்கும் உலக செஸ் புதிர் விடுவிக்கும் போட்டியில் உதவி மேட்டுக்கென்றே ஒரு சுற்று இருக்கிறது. இரண்டு நகர்த்தல் மேட்டை நொடியில் கண்டுபிடிக்கும் நல்ல ஆட்டக்காரர்களுக்கும் இது சிரமம். எதிராளியின் மோசமான நகர்த்தலைத் தேடிப் பழக்கமே இல்லாததால் கண் அங்கே போகாது.

தொடக்க நிலையிலிருந்தே இரண்டு பக்கமும் கூட்டுச் சேர்ந்தால்? மிகச் சீக்கிரம் வரும் மேட் இரண்டு நகர்த்தலில். வெள்ளைச் சிப்பாய் எஃப்3, கறுப்பு இ5. வெள்ளை ஜி4, கறுப்பு ராணி எச்4, மேட். முட்டாள் மேட் என்று இதற்குக் கேலிப் பெயர். செக் இல்லாமலே நகர வழியில்லாமல் போகும் ஸ்டேல்மேட்டுக்கு எத்தனை? சாம் லாய்ட் பத்து நகர்த்தலில் செய்து காட்டினார். வெள்ளையின் நகர்த்தல் முதலில், கறுப்பின் பதில் அடுத்து: இ3, ஏ5. ராணி எச்5, யானை ஏ6. ராணி ஏ5ஐ வெட்டும், எச்5. ராணி சி7ஐ வெட்டும், ஏ6 யானை எச்6க்கு. எச்4, எஃப்6. ராணி டி7ஐ வெட்டிச் செக், ராஜா எஃப்7. ராணி பி7ஐ வெட்டும், கறுப்பு ராணி டி3. ராணி பி8ஐ வெட்டும், கறுப்பு ராணி எச்7. ராணி சி8ஐ வெட்டும், ராஜா ஜி6. கடைசியாக வெள்ளை ராணி இ6.

அந்த நிலையில் கறுப்பிடம் ராணி, இரண்டு யானை, பிஷப், குதிரை, நாலு சிப்பாய் எல்லாம் இருக்கின்றன. ஒன்றாலும் அசைய முடியாது. வலது மேல் மூலையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கைபேசியில் பார்ப்பதைவிட நிஜப் பலகையில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

சரி, இதெல்லாம் புதிர்க்காரர்களின் விளையாட்டு, நிஜப் போட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. நேரம் முடிந்தால் தோல்வி. ஆனால் எதிராளியால், விதிக்கு உட்பட்ட எந்த நகர்த்தல் வரிசையாலும் மேட் செய்யவே முடியாது என்றால் மட்டும் டிரா. இது உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதி. எந்த வரிசையாலும் என்றால் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து ஆடினாலும் என்று பொருள். நடுவர் தன் மனதுக்குள் ஒரு உதவி மேட் புதிரைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மேலே நாம் போட்ட புதிரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு குதிரை. யாராலும் யாரையும் வலுக்கட்டாயமாக மேட் செய்ய முடியாது. ஆனால் கூட்டுச் சேர்ந்தால் மேட் உண்டு, இப்போதுதான் பார்த்தோம். அதனால் ஃபிடே விதிப்படி அந்த நிலையில் யாருடைய நேரம் முடிகிறதோ அவருக்குத் தோல்வி. லிச்செஸும் அப்படியே செய்யும். செஸ்.காமில் அதே நிலைக்கு டிரா கிடைக்கும், அங்கே தனிக் குதிரையை மேட்டுக்குப் போதாத காயாகவே கணக்கிடுகிறார்கள்.

எதிராளியிடம் குதிரை மட்டும் இருந்து, உங்களிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் கூட்டுச் சேர்ந்தாலும் மேட் வராது, ஆட்டம் அங்கேயே டிரா. ஆகவே ஃபிடே விதிப்படி நடக்கும் ஆட்டத்தில் ஆளுக்கொரு குதிரை மட்டும் மிஞ்சி, உங்கள் கடிகாரத்தில் நாலைந்து நொடிதான் இருக்கிறது என்றால், உங்கள் குதிரையை எடுத்து அவருடைய ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அவர் வெட்டினால் அந்த நொடியே டிரா. விஷயம் தெரிந்த எதிராளி வெட்ட மாட்டார், கடிகாரத்தை அழுத்திவிட்டுக் காத்திருப்பார்.